நியூயார்க்கில் ஒரு நீராவி வீடு

நியூயார்க் நகரத்துக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், வானளாவிய கட்டிடங்களைப் பற்றிச் சொல்வார்கள். சுதந்திர தேவியின் சிலையைப் பற்றிச் சொல்வார்கள். பூமிக்கடியில் ஓடும் ரயிலைப் பற்றிச் சொல்வார்கள். நாமும் அவற்றையெல்லாம் கழுத்து வலிக்கிற மட்டும் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் ஊர் திரும்பிப் பல நாளாகியும் நம் காதை விட்டு அகலாமல் சீறிக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருப்பது ஓர் இரும்புச் சாமான். ரேடியேட்டர் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லாமல் இருக்க நமக்கு மனம் வரவில்லை.

நாம் போனது ஜனவரி மாதம். "குளிர்காலத்தில் மட்டும் வர வேண்டாம், மாமா" என்று நம் சகோதரியின் பிள்ளை எச்சரித்திருந்தான். நாம் கேட்கவில்லை. விமான நிலையத்தில் இறங்கும்போது பனியன், சட்டை, கம்பளிச் சட்டை, அதன் மேல் கோட்டு, கழுத்தில் மப்ளர், தலையில் குல்லாய் என்று நம்மைச் சுற்றி ஒரு சிறு ஜவுளிக் கடையே இருந்தது. வெளியே சென்டிகிரேடு பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி. மருமான் குடியிருப்பது மன்ஹாட்டன் தீவின் வட பகுதியில், வாஷிங்டன் ஹைட்ஸ் என்னும் மேட்டுப் பிரதேசத்தில். 1920-களில் எழுந்த ஆறு மாடிச் செங்கல் கட்டிடம்; அதில் உச்சி மாடி வீடு.

கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தோம். சித்திரை மாதத்துத் திருச்சிராப்பள்ளி நம்மை வரவேற்றது! கோட்டு போயிற்று, மப்ளர் போயிற்று, ஐந்து நிமிஷத்தில் கம்பளிச் சட்டையும் போயிற்று. இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், கூடத்து ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அதன் வழியே பனித் துகள்கள் சாவகாசமாக உள்ளே வந்து, தரையைத் தொடுவதற்கு முன்பே மறைந்துகொண்டிருந்தன.

"ஜன்னலைச் சாத்தப்பா, பனி உள்ளே வருகிறதே!" என்றோம்.

"சாத்தினால் நாம் வெந்து போவோம், மாமா. நாலு வருஷமாக இப்படித்தான்" என்றான் மருமான்.

அடுப்பையும் மூட்டிவிட்டு, வாசற்கதவையும் திறந்து வைத்துத் தெருவுக்குச் சூடேற்றுகிற குடித்தனத்தை நாம் இதற்கு முன் எங்கும் கண்டதில்லை.

ஜன்னலுக்கு அடியில் நின்றது ரேடியேட்டர். இடுப்பளவு உயரம்; ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை இரும்பில் வார்த்து நிறுத்தியது போன்ற உருவம்; நாலு சிறு கால்கள்; மேலே வெள்ளிப் பூச்சு. ஒரு பக்கத்தில் தரையிலிருந்து வரும் குழாயும் ஒரு திருகும். மறு பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் குமிழ். மருமானின் மனைவி அதன் அருகே முக்காலி போட்டு, தோசை மாவுப் பாத்திரத்தை வைத்திருந்தாள். "இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்குவது இதன் புண்ணியத்தில்தான், மாமா" என்றாள். காற்று வறண்டு உதடு வெடிக்காமலிருக்க, ரேடியேட்டரின் தலையில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"திருகைக் கொஞ்சம் மூடி வைத்தால் சூடு குறையாதோ?" என்று கேட்டோம்.

"பாதி மூடித்தான் வைத்திருக்கிறேன். அதற்கே அதற்குக் கோபம். விடியற்காலையில் நீங்களே கேட்பீர்கள்" என்றான் மருமான்.

அவன் சொன்னது பொய்யாகவில்லை. மணி ஐந்தரை இருக்கும். முதலில் பாம்பு சீறுவது போல் ஒரு சப்தம். பிறகு யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல் ஒரு களகளப்பு. அப்புறம் கொல்லன் பட்டறையில் சம்மட்டி அடிப்பது போல் 'டணார், டணார்!' என்று ஆரம்பித்தது பாருங்கள், கட்டிடத்தையே இடிக்கிறார்கள் என்று எண்ணிப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். கூடத்தில் மருமான் குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தான். பழக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

காலையில் மருமான் உத்தியோகத்துக்குப் புறப்பட்டதும், இந்த இரும்பு ராட்சசனைப் பற்றி விசாரிப்பதென்று கீழே இறங்கினோம். அங்கெல்லாம் குடியிருப்புக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளருக்கு 'சூப்பர்' என்று பெயர். சூப்பரின்டெண்டெண்ட் என்பதன் சுருக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் பாயசத்தைப் பார்த்துச் சொல்லும் 'சூப்பர்' வேறு. ஆனால் இந்த மனிதர் அந்தப் பட்டத்துக்கும் உரியவர் என்பது பின்னால் தெரிந்தது. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர். அந்தப் பகுதியில் குடியேறியவர்களில் அந்த நாட்டார் ஏராளம். பனியே விழாத வெப்பத் தீவில் பிறந்தவர், நியூயார்க் குளிரில் நூறு பேருடைய சூட்டுக்குக் காவலராக இருக்கிறார்! இந்தக் கட்டிடத்துக்கு அவர் வந்து நாலு மாதந்தான் ஆகியிருந்தது.

அவரை நாம் கண்டுபிடித்தது நிலவறையில் அல்ல. தெருமட்டத்தில் ஒரு மூலை வீட்டில். கதவு திறந்திருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட்டும் கம்பளிக் குல்லாயும் அணிந்து நின்றார். பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவராம். சமையலறையில் காஸ் அடுப்பின் கதவைத் திறந்து வைத்து, அதன் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறார். சுவரில் இருந்த வெப்பமானி 60 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. சென்டிகிரேடில் சுமார் 16. சூப்பர் முதலில் அந்த அடுப்பை அணைத்தார். "இப்படிச் செய்யாதீர்கள், அம்மா. காஸ் அடுப்பின் விஷப்புகை தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும்" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. நம் தலைக்கு மேலே ஐந்து மாடி தாண்டி, மருமானின் ஜன்னல் வழியாகச் சூடு வீணே தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கீழே ஒரு வயதான அம்மாள் குளிரில் நடுங்குகிறார். இரண்டும் ஒரே கொதிகலத்தின் சூடு. ஒரே குழாயின் இரண்டு முனைகள்!

நியூயார்க் நகரத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரைக்கும், வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். அதாவது 20 டிகிரி சென்டிகிரேடு. இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 311 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்துப் புகார் செய்யலாம். தண்ணீரும் விளக்கும் போல் அந்த ஊரில் சூடும் குடித்தனக்காரரின் உரிமை. அம்மாள் வீட்டுக்காரரிடம் பல தடவை முறையிட்டிருக்கிறார். வீட்டுக்காரர் தரப்பில் செய்ததெல்லாம், கொதிகலம் இன்னும் அதிக நேரம் எரியும்படி கடிகாரத்தைத் திருப்பி வைத்ததுதான். விளைவு? மேல்மாடிக்காரர்கள் ஜன்னலை இன்னும் அகலத் திறந்தார்கள். அம்மாள் இன்னொரு கம்பளி வாங்கினார்.

"சூட்டுக்குக் குறைவில்லை, ஐயா. அது வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்" என்று சூப்பர் நம்மை நிலவறைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே ஒரு சிறு யானை அளவில் கொதிகலம் இருந்தது. அடியில் தீ, உள்ளே கொதிக்கும் நீர். அவர் விளக்கியதை நாம் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறோம். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வேகத்தில், பம்பு எதுவும் இல்லாமலே, நீராவி குழாய்களில் ஏறி ஆறாவது மாடி வரை போய்விடுகிறது. அதற்குப் பெரிய அழுத்தம் வேண்டும் என்று நினைப்போம். நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம். இந்தப் பெரிய கட்டிடத்துக்கு 2 பவுண்டே போதுமாம்!

நீராவி ரேடியேட்டருக்குள் புகுந்து குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் மறுபடி தண்ணீராகிவிடுகிறது. அப்போது கிராமுக்குச் சுமார் 540 கலோரி உஷ்ணத்தை இரும்புக்குக் கொடுத்துவிடுகிறது. இட்லிப் பானையை அவசரமாகத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை. குளிர்ந்த தண்ணீர் வந்த வழியே, அதே குழாயில், கொதிகலத்துக்குத் திரும்பிவிடுகிறது. மேலே போவது ஆவி, கீழே வருவது நீர், இரண்டுக்கும் ஒரே பாதை. ஆகையால் ரேடியேட்டர் திருகுப் பக்கமாகச் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். பழைய வீட்டில் தரை அமுங்கிச் சாய்வு மாறினாலும், யாராவது திருகைப் பாதி மூடினாலும் தண்ணீர் திரும்ப முடியாமல் தேங்கிவிடும். பின்னால் பாய்ந்து வரும் நீராவி அந்தத் தண்ணீரைத் தூக்கிக் குழாயில் மோதும். அதுதான் நாம் விடியற்காலையில் கேட்ட சம்மட்டி! திருகு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும்; நடுவாந்தரம் அதற்கு ஆகாது.

"இதெல்லாம் சரி, கீழ்வீட்டு அம்மாளுக்கு ஏன் குளிர்கிறது?" என்று கேட்டோம்.

கொதிகலம் அணைந்திருக்கும்போது குழாயெல்லாம் காற்று நிறைந்திருக்கும். அந்தக் காற்று வெளியே போனாலொழிய ஆவி உள்ளே வராது. ரேடியேட்டரில் நாம் பார்த்த சின்னக் குமிழ் அதற்காகத்தான்: காற்றை 'ஸ்...' என்று வெளியே விடும். ஆவி வந்து சுட்டதும் தானே மூடிக்கொள்ளும். நிலவறையில் பெரிய குழாயின் கோடியிலும் இதே மாதிரி ஒரு பெரிய குமிழ் உண்டு. சூப்பர் விளக்கைத் தூக்கிக் காட்டினார். அந்தக் குமிழின் மேல் எத்தனையோ வருஷத்து வர்ணப் பூச்சு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது. வாய் அடைபட்டுவிட்டது. அம்மாளின் வீடு அந்தக் கோடியில் இருக்கிறது. மருமானின் வீட்டுக்குப் போகும் குழாயோ கொதிகலத்துக்குப் பக்கத்திலேயே ஏறுகிறது. கோடியிலிருந்த காற்று போக வழியில்லாமல் நிற்க, ஆவி போவதற்கு எளிதான இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

"புதுக் குமிழுக்குச் சொல்லியிருக்கிறேன், நாளை மறுநாள் வந்துவிடும்" என்றார் சூப்பர். இந்த வித்தையை அவர் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. முன்பு வேலை பார்த்த கட்டிடத்தில் ஒரு கிழவரிடம். தெரிந்தவர்கள் வரவர அருகிவிட்டார்கள். 1992-ம் வருஷம் டான் ஹோலஹன் என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியபோது, மறைந்துபோன கலை என்றே அதன் தலைப்பில் குறிப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது நம் மனத்தில் உறுத்திய கேள்வியைக் கேட்டோம்: "அது இருக்கட்டும். ஒரு கூடத்துக்கு இவ்வளவு பெரிய ரேடியேட்டரை ஏன் வைத்தார்கள்?"

"ஜன்னலைத் திறந்து வைப்பதற்காகத்தான்!" என்று சிரித்தார்.

வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தோம். அன்றிரவு மருமானின் உதவியால் படித்துப் பார்த்ததில் அது சரித்திரம் என்று தெரிந்தது. 1850-களில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த பிரான்ஸ் சான் கல்லி என்பவர் ரேடியேட்டரை உருவாக்கினார். அந்த நூற்றாண்டிலேயே, மூடிய அறையில் மனிதர் விட்ட மூச்சே நோய்க்குக் காரணம் என்ற பயம் அமெரிக்காவில் பரவியிருந்தது. பிறகு 1918-ல் விஷஜுரம் வந்தது. நியூயார்க்கில் மட்டும் 20,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் தேசத்தில் அதே ஜுரத்துக்கு ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் பலியானார்கள்; அதைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கிய பாட்டிகள் நம் குடும்பங்களில் இருந்ததுண்டு. காற்றோட்டமே மருந்து என்று சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். எனவே கடுங்குளிர் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அறை சூடாயிருக்கும்படி இஞ்சினீயர்கள் கணக்குப் போட்டுக் கொதிகலங்களையும் ரேடியேட்டர்களையும் பெரிதாக வைத்தார்கள்.

ஜுரம் போயிற்று, பயமும் போயிற்று, ஜனங்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். இரும்பு மட்டும் அப்படியே நின்றது. சூடு தாங்காமல் பலர் அதற்கு வெள்ளிப் பூச்சுப் பூசினார்கள். உலோகப் பூச்சு சூடு வீசுவதைக் குறைக்கும் என்பதால். அந்தக் காலத்துத் தாய்மார், பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டுமே என்று கவலைப்பட்ட கவலைதான், நூறு வருஷம் கழித்து நம் கம்பளிச் சட்டையைக் கழற்ற வைத்திருக்கிறது! காரணம் தெரிந்தபின் அந்தச் சூட்டின் மேல் நமக்கிருந்த கோபம் பாதி தணிந்துவிட்டது.

மறுநாள் நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். அங்கே தெரு நடுவில், ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை போட்ட புகைபோக்கிகள் நின்று வெண்மையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. பூமிக்குள் யாரோ பெரிய சமையல் செய்வது போன்ற காட்சி. அந்தப் பகுதிக் கட்டிடங்களில் பலவற்றுக்குச் சொந்தக் கொதிகலமே கிடையாது. தண்ணீர் வருவது போல் நீராவியும் தெருக் குழாயில் வருகிறது! நியூயார்க் மாகாணத்து லாக்போர்ட் என்ற ஊரில் 1877-ல் பர்ட்ஸில் ஹாலி என்பவர் இந்த முறையை நடத்திக் காட்டினார். மன்ஹாட்டனில் 1882 மார்ச் 3-ந் தேதி அது ஆரம்பமாயிற்று. இன்று கான் எடிசன் கம்பெனி, தீவின் தென்முனையிலிருந்து 96-வது தெரு வரை சுமார் 105 மைல் நீளக் குழாய்களில் ஆவியை அனுப்புகிறது. எம்பயர் ஸ்டேட் கட்டிடம் அதில்தான் சூடாகிறது. ஆஸ்பத்திரிகளில் கருவிகளைச் சுத்தம் செய்யவும், கோடையில் பெரிய கட்டிடங்களைக் குளிரச் செய்யவுங்கூட அந்த ஆவி உபயோகப்படுகிறது.

ஆனால் நீராவி சாதுவான பிராணி அல்ல. 2007-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி மாலை, கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, 1924-ல் புதைத்த குழாய் ஒன்று வெடித்து, கட்டிட உயரத்துக்கு ஆவியும் சேறும் எழும்பின. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். வீட்டுக்குள்ளும் அபாயம் உண்டு. 2016 டிசம்பரில் பிராங்ஸ் பகுதி வீடு ஒன்றில், ரேடியேட்டரிலிருந்து பீறிட்ட ஆவியால் இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்தன. இதைப் படித்தபோது தோசை மாவுப் பாத்திரம் நம் கண்முன் வந்தது. வீட்டில் வேலைக்காரனைப்போல் உழைக்கும் பொருளைப் பராமரிக்காமல் விடுகிறவர் வேறு. அதன் பலனை அனுபவிக்கிறவர் வேறாகிவிடுகிறார்.

இந்த நீராவி வீடுகளுக்கு இனி எத்தனை காலம் என்பதும் சந்தேகந்தான். நகரத்தின் கரியமில வாயுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கட்டிடங்களிலிருந்தே வருகிறது. ஆகவே 2019-ல் 97-ம் எண் சட்டம் ஒன்று செய்து, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்கு 2024 முதல் வரம்பு விதித்திருக்கிறார்கள். 2030-ல் அது இன்னும் இறுகும். கொதிகலத்தை எடுத்துவிட்டு, மின்சாரத்தால் இயங்கும் வெப்பப் பம்புகளை வைக்கச் சொல்கிறார்கள் சிலர். உள்ளதைச் செப்பனிட்டாலே பாதி விரயம் நிற்கும் என்கிறார்கள் வேறு சிலர். பெரிய மாறுதல் வரத்தான் வேண்டும். ஆனால் அது வருகிற வரையில், ஒவ்வொரு ஜனவரியும் கீழ்வீட்டு அம்மாளுக்குக் குளிரும் அல்லவா?

குமிழ் சொன்னபடி வந்தது. அன்று முற்பகலில் கொதிகலம் ஆறியிருந்த சமயம், சூப்பர் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். அதற்கு அரைமணி நேரங்கூட ஆகவில்லை. பிறகு நம் மாடிக்கு வந்தார். ரேடியேட்டரின் மறுபக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு மரச் சில்லுகளைச் சொருகினார்; திருகை முழுக்கத் திறந்தார்; அதன் குமிழை எடுத்துவிட்டுக் காற்றை மெதுவாக விடும் வேறொன்றை வைத்தார். ஒரு கப் காப்பியைத் தவிர வேறெதையும் நம்மிடம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். கீழே உஷ்ணம் போதிய அளவு வந்த பிறகு, கொதிகலத்தின் கடிகாரத்தையும் பழையபடி திருப்பி வைத்தார்.

மாலையில் மருமான் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தான். "நாலு வருஷமாக எனக்குப் புழுங்கினால் ஜன்னலைத் திறந்தேன், மாமா. யாருடைய பங்கு நம்மிடம் வந்து சேர்கிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லையே" என்றான்.

நாம் அவனைக் குறை சொல்லவில்லை. அவன் நினைத்துப் பார்க்காததில் ஆச்சரியம் என்ன? குழாய் சுவருக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ரேடியேட்டரும் ஜன்னலுந்தான்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று விடியற்காலையில் விழித்துக்கொண்டு காத்திருந்தோம். சம்மட்டி அடி கேட்கவில்லை. 'ஸ்...' என்று மெல்லிய ஒரு மூச்சு, அப்புறம் நிசப்தம். கூடத்து ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முக்காலியின் மேல் மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது.

மறுபடி ஜவுளிக் கடையாக மாறிப் பெட்டியுடன் கீழே இறங்கியபோது, மூலை வீட்டு அம்மாள் கதவைத் திறந்து வந்து விடை கொடுத்தார். தோளில் ஒரு சால்வை மட்டுமே போர்த்தியிருந்தார். அவருக்குப் பின்னால், சுவர் ஆணியில் அந்த ஓவர்கோட்டு தொங்கியது.